ஐப்பசி மழையில் மதுரைக்கு வருகிறீர்களா? ரெயின்கோட், குடை, ஜெர்கின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மதுரை புதூரில் இருக்கிறோம். தீபாவளி, கல்யாணம், கோயில் என்று ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் வீட்டில் விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோரும் போன் பண்ணிக் கேட்பது ஒன்றுதான்: "அங்கே மழையாமே, என்ன எடுத்துட்டு வரட்டும்?" பல வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வெளியூரிலிருந்து நாலைந்து நாள் தங்க வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

மதுரை வறண்ட ஊர்தானே? ரெயின்கோட் எடுத்து வரும் அளவுக்கு மழை பெய்யுமா?

பெய்யும். கடலோர ஊர்களோடு ஒப்பிட்டால் மதுரைக்கு மழை குறைவுதான். ஆனால் வருஷம் முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். அதிலும் அக்டோபர்தான் அதிகம். 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

இந்த மழையில் இரண்டு வகை உண்டு. இது தெரிந்தால் எதைப் போடுவது என்பது பாதி முடிவாகிவிடும். அக்டோபரில் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் யானைமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வரும். இடி, ஒரு காற்று, பிறகு கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் கதையே வேறு. பெரும்பாலும் ஒரேயடியாகக் கொட்டாது, விடவும் விடாது. நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும்.

2024 அக்டோபர் 25ஆம் தேதி பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. பிற்பகல் மூன்று மணி வாக்கில், கால் மணி நேரத்துக்குள் நாலரை சென்டிமீட்டர். செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்று காலையில் குடை எடுக்காமல் வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

மழைக்காலம் என்றால் குளிருமே. ஸ்வெட்டர், கனமான ஜெர்கின் எடுத்து வரட்டுமா?

வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த என் பெரியம்மா உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஜெர்கின் ஒன்றைப் போட்டுக்கொண்டு ரயிலை விட்டு இறங்கினார். அந்த ஊருக்கு அது சரி. இங்கே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடிப்பதற்குள் கழுத்து, முதுகு எல்லாம் வேர்த்து வழிந்தது. மறுநாள் விளக்குத்தூண் கடைவீதியில் மழையில் மாட்டிக்கொண்டபோது அந்தப் பஞ்சு முழுக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டது. பிழியவும் முடியவில்லை. மூன்று நாள் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் விரித்துப் போட்டும் அக்குளில் ஈரம் போகவில்லை. ஊருக்குப் போகும்போது அதை ஒரு கவரில் சுருட்டி, வாடையோடுதான் எடுத்துப் போனார்.

நவம்பரில்கூட மதுரையில் பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். ராத்திரி பெரும்பாலும் 22, 23க்குக் கீழே இறங்காது. காற்றில் ஈரம் வேறு. உங்களுக்குக் குளிரப்போவது ரயிலின் ஏசி பெட்டியிலும் லாட்ஜ் ஏசி அறையிலும்தான். அதற்கு ஒரு சால்வை போதும்.

மதுரையில் மழைக்காலத்தில் ஆள் இரண்டு விதமாக நனைவார். வெளியே மழையில், உள்ளே வேர்வையில். மழையை மட்டும் யோசித்துத் தடிமனாக எதை வாங்கினாலும் வேர்வையில் நனைந்துதான் வீடு வந்து சேர்வீர்கள். மெல்லியதாக, தொளதொளவென்று, சட்டென்று கழற்ற முடிவதாக, ஒரு ராத்திரியில் காய்ந்துவிடுவதாக இருக்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் இந்த நாலும்தான் அடிப்படை.

அப்படியானால் எந்தத் துணி?

மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர், உள்பக்கம் தண்ணீர் புகாத பூச்சு, உள்ளே வலைத்துணி லைனிங். நடந்து சுற்றுகிறவர்களுக்கு இதுதான் சரியாக இருக்கிறது. வலைத்துணி இருந்தால் வேர்த்த கையில் பூச்சு நேராக ஒட்டாது. சுருட்டினால் ஒரு சொம்பு அளவுக்கு வர வேண்டும், அப்போதுதான் வெயில் அடிக்கும்போது பைக்குள் கிடக்கும்.

பி.வி.சி. ரெயின்கோட் மலிவு. ஒரு சொட்டு உள்ளே விடாது. அதே மாதிரி உள்ளிருக்கும் ஆவியையும் ஒரு துளி வெளியே விடாது. பத்து நிமிஷம் பைக்கில் போவதற்குச் சரி, மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளில் நடப்பதற்கு ஆகாது. கழற்றும்போது உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், பால் பாத்திரத்தின் மூடி மாதிரி வேர்த்திருக்கும்.

மூச்சு விடும் துணி என்று விலை கூட்டி விற்கிற ஜெர்கின்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அந்தத் துணி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் ஆவியை வெளியே தள்ளும். குளிரான மலை ஊரில் அது பிரமாதமாக வேலை செய்யும். நம் ஊரில் மழை பெய்யும்போது வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடப்பதால் பாதிப் பலன்தான். அதனால் அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அக்குளுக்கு அடியில் ஜிப் இருக்கிறதா, முதுகில் மடிப்புக்கு அடியில் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். மதுரையில் துணியைவிட இந்த ஓட்டைகள்தான் உதவும்.

வாட்டர்ப்ரூஃப், வாட்டர் ரெசிஸ்டன்ட் இரண்டும் ஒன்றா? 5,000 மி.மீ. என்று போட்டிருப்பது என்ன?

ஒன்று இல்லை. வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றால் தூறலைத் தாங்கும் என்று அர்த்தம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், மழை வலுத்தால் உள்ளே இறங்கிவிடும். வாட்டர்ப்ரூஃப் என்றால் துணி வழியாகவே இறங்கக் கூடாது.

அந்த எண்ணை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு நீளமான குழாயின் அடியில் அந்தத் துணியை இறுக்கிக் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு உயரத் தண்ணீர் நிற்கிற வரை துணி கசியாமல் தாங்குகிறதோ அதுதான் அந்த மில்லிமீட்டர். 5,000 என்றால் ஐந்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். நடந்து போகிறவர்களுக்கு அது போதும் என்பது என் அனுபவம். பைக்கில் போகும்போது மழை வேகமாக வந்து நெஞ்சில் அறையும், தோள் பையின் பட்டை வேறு துணியை அழுத்தும். அதற்கு 8,000, 10,000 பார்த்து வாங்கலாம். இன்னொன்று: துணி எவ்வளவு தாங்கினாலும் ஊசி போன ஓட்டை ஓட்டைதான். தண்ணீர் முதலில் வருவது தையல் வழியாகத்தான்.

கடையில் எப்படிச் சோதித்து வாங்குவது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவசரத்தில் பார்க்காமல் ஒரு கடையில் ரெயின்கோட் வாங்கி வந்தேன். என் மகன் அதைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போய்த் திரும்பினான். சட்டையின் நடுவில் கழுத்திலிருந்து தொப்புள் வரை நேர்கோடாக ஈரம். இரண்டு தோளிலும் தையல் ஓடுகிற இடத்தில் ஈரம். துணியில் குறையே இல்லை. ஜிப்பும் தையலும்தான் காலை வாரிவிட்டன. அதிலிருந்து நான் வாங்கப் போனால் கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாத்துக்கலாமா?"

"தாராளமாப் பாருங்கக்கா. ஆனா தையல்ல ஊத்திப் பாருங்க, நடுவுல ஊத்தினா எல்லாக் கோட்டும் தாங்கும்."

இப்படிச் சொன்ன கடைக்காரரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முதலில் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். ஒவ்வொரு தையல் மேலும் விரல் அகலத்துக்கு டேப் ஒட்டியிருக்க வேண்டும். தோள், அக்குள், தொப்பி சேருகிற இடம், கால்சட்டையின் கவட்டை, இந்த நாலையும் விடாமல் பாருங்கள். நகத்தால் டேப்பின் ஓரத்தை லேசாகச் சுரண்டினால் கிளம்பி வருகிறதா? அப்படியென்றால் இரண்டு மழைக்குத் தாங்காது. பிறகு தோள் தையலை உள்ளங்கையில் குழி மாதிரி பிடித்து, பாட்டில் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, நூறு வரை எண்ணுங்கள். கை நனையக் கூடாது.

ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு வந்து வெல்க்ரோவிலோ டிச் பட்டனிலோ மூட வேண்டும். வெறும் ஜிப் மட்டும் இருந்தால் வேண்டாம். கடைசியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு கையையும் மேலே தூக்கினால் இடுப்புத் தெரியக் கூடாது. தொப்பியைப் போட்டுத் தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வரும் ஷேர் ஆட்டோ கண்ணுக்குத் தெரியாது.

குடையா, ரெயின்கோட்டா? ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால்?

நடந்தும் ஆட்டோவிலும் சுற்றுகிறவர் என்றால் குடை. அக்டோபர் மழை வந்து கொட்டிவிட்டுப் போகிற மழை. விரித்தோமா, மடக்கினோமா என்று இருக்க வேண்டும். வெயிலுக்கும் அதுவே ஆகும், வேர்க்காது. குடையில் மூன்று மடிப்புக் குடை பைக்குள் அடங்கும். ஆனால் இடியோடு காற்று வந்தால் கம்பி மேலே திரும்பிக்கொள்ளும். வாங்கும்போது விரித்து, ஒரு கம்பியின் நுனியைப் பிடித்து மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள். வளைந்து தானாகத் திரும்பி வந்தால் நல்ல குடை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் இதை மாற்றிச் சொல்வேன். தெற்குமாசி வீதியிலும் விளக்குத்தூணிலும் தோளோடு தோள் இடிக்கிற கூட்டத்தில் நூறு குடை விரிந்தால் கம்பி யார் கண்ணில் குத்தும் என்று சொல்ல முடியாது. ஒரு கையில் துணிக்கடைப் பை, ஒரு கையில் பிள்ளை என்றால் குடையை எதில் பிடிப்பது? அந்தக் கூட்டத்துக்குத் தொப்பி வைத்த மெல்லிய ஜெர்கின்தான் சரி.

பான்ச்சோ மாதிரி மேலே கவிழ்த்துக்கொள்வது எப்படி?

நடக்கிறவர்களுக்கு ரொம்ப நல்லது. முதுகுப் பையையும் சேர்த்து மூடிவிடும், பக்கம் திறந்திருப்பதால் காற்றும் வரும். இரு சக்கர வண்டியில் மட்டும் போடவே போடாதீர்கள். காற்றில் தூக்கி முகத்தை மூடும், பின்னால் உட்கார்ந்தால் ஓரம் சக்கரத்திலோ செயினிலோ மாட்டும்.

பைக்கை வாடகைக்கு எடுத்துச் சுற்றப் போகிறோம். என்ன போடலாம்?

மேல் கோட்டு தனி, கால்சட்டை தனி என்று வரும் இரண்டு பீஸ் செட். கால்சட்டை ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும், செருப்போடு ஓரமாக நின்றுகொண்டே மாட்டிக்கொள்ளலாம். கோட்டின் கைநுனி எலாஸ்டிக்கோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹாண்டில்பாரைப் பிடித்த கை வழியாகத் தண்ணீர் முழங்கை வரை ஏறும்.

நிறத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். கடையில் முக்கால்வாசி கருப்பும் கருநீலமும்தான் தொங்கும், அழுக்குத் தெரியாது என்பதற்காக. மழையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரிங் ரோட்டில் லாரிக்காரருக்குக் கருப்புக் கோட்டு தெரியவே தெரியாது. மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை எது கிடைத்தாலும் வாங்குங்கள். முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை இருந்தால் அதைவிட நல்லது. பின்னால் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு போவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு காற்று அடித்தால் குடை வண்டியையே இழுத்துவிடும்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும்போது ரெயின்கோட்டை என்ன செய்வது?

கோயிலுக்குள் கைப்பை, செல்போன் இரண்டும் அனுமதி இல்லை. 2018 தீ விபத்துக்குப் பிறகு போனுக்குத் தடை வந்தது. வாசலிலேயே ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். நனைந்த கோட்டையும் குடையையும் நான் செருப்போடு வெளியிலேயே விட்டுவிட்டுப் போவேன். சொட்டச் சொட்ட உள்ளே கொண்டுபோனால் கல் தரை வழுக்கும், வயதானவர்கள் நடக்கிற இடம் அது. அதனால் கோட்டை வைக்க ஒரு கெட்டியான துணிப்பையோ வாய் கட்டுகிற கவரோ கையோடு இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் செருப்புகள் மேல் அதைப் போட வேண்டி வரும்.

முக்கியமான விஷயம்: கோட்டைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று யோசித்து உடுத்துங்கள். மழைக்கு வசதி என்று அரைக்கால் சட்டை மேல் ரெயின்கோட் மாட்டி வருகிறவர்களைக் கோயில் வாசலில் நிறுத்திவிடுவார்கள். வேட்டி, பேண்ட், சேலை, சுடிதார் எதுவானாலும் சரி, சாயம் விடாததாக, ஒட்டாததாக இருக்கட்டும்.

கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். வரிசை நீளும். சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, கொஞ்சம் நடந்துதான் வர வேண்டும், அந்த நடை திறந்த வெளி. மத்தியானம் 12.30க்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நாலு மணிதான் அக்டோபர் மழை வருகிற நேரமும். முடிந்தால் காலையிலேயே போய்விடுங்கள்.

கல்யாணத்துக்கு வருகிறோம். பட்டுச் சேலை மேல் என்ன போடுவது?

ஐப்பசி முகூர்த்தத்தில் எனக்கு அதிகமாக வரும் கேள்வி இது. பட்டுச் சேலை மேல் ரெயின்கோட் போடாதீர்கள். உள்ளே வேர்த்துப் பட்டில் திட்டுத் திட்டாகத் தண்ணீர்க் கறை விழும், ஜரிகை மடங்கும். பட்டை நாலாக மடித்து, ஒரு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, அதன் மேல் பாலிதீன் கவர் போட்டுப் பையில் வையுங்கள். மண்டபம் வரை சுடிதாரில் வந்து மணமகள் அறையில் மாற்றிக்கொள்ளலாம். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

கட்டிக்கொண்டே வந்துதான் ஆக வேண்டும் என்றால் பெரிய குடை, வாசல் வரை ஆட்டோ. இறங்கும்போது கொசுவத்தை இடது கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். முந்தானையைத் தோளைச் சுற்றி எடுத்து இடுப்பில் செருகிவிடுங்கள். ஓரம் நனைந்துவிட்டால் பிழியாதீர்கள், துண்டில் ஒற்றி எடுத்து நிழலில் விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தால் அந்தக் கறை போகவே போகாது.

சுங்குடிச் சேலைக்கும் ஒரு வார்த்தை. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வருகிறவர்கள் எல்லோரும் ஒன்று வாங்காமல் போவதில்லை. வாங்கின கையோடு மறுநாளே மழையில் கட்டிவிடாதீர்கள். முதல் தண்ணீரில் சாயம் இறங்கலாம். கல் உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு தடவை தனியாக அலசிக் காயவைத்து, எவ்வளவு சாயம் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அப்பா வேட்டிதான் கட்டுவார். அவருக்கு?

அந்தக் காலத்துப் பெரிய கருப்புக் குடை. வளைந்த கைப்பிடி, நீளக் காம்பு. நடக்கும்போது ஊன்றுகோலாகவும் ஆகும். வேட்டியை மடித்துக் கட்டிவிட்டால் அவரைவிட வேகமாகக் காய்கிறவர் அந்தத் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். ரெயின்கோட் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தொப்பி காதை மூடினால் வயதானவர்களுக்குப் பின்னால் வரும் ஹாரன் கேட்காது.

குழந்தைகளுக்கு?

முழங்காலுக்குக் கீழே வராத நீளம். வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்கினால் மிதித்து விழும். கழுத்தில் கயிறு வைத்த தொப்பி வேண்டாம், எங்காவது மாட்டி இழுத்துவிடும். மாற்று உடை ஒன்று கவரில் கட்டிக் கையோடு இருக்கட்டும்.

பருத்தி, கதர் போட்டு வரலாமா? மழையில் பருத்தி ஆகாது என்கிறார்களே?

உள்ளே போட மெல்லிய பருத்திதான் நல்லது, வேர்வையை வாங்கிக்கொள்ளும். வெளியே, மழை படுகிற இடத்தில் பருத்தி வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ஜீன்ஸும் பருத்திதான், அதுவும் தடித்த பருத்தி. ஐப்பசியில் ஒரு ஜீன்ஸ் காய இரண்டு நாள் ஆகும். நாலு நாள் பயணத்தில் அது பாதி.

மெல்லிய நாலு முழ வேட்டியோ மெல்லிய மல் துணிச் சட்டையோ நனைந்தாலும் மின்விசிறியில் ஒரு ராத்திரியில் உலர்ந்துவிடும். மேலமாசி வீதியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். காந்தி 1921 செப்டம்பர் 22ஆம் தேதி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரையில் ஒரு துண்டுத் துணியோடு வெளியே வந்தது அந்த வீதி வீட்டிலிருந்துதான். ஏழைகளுக்கு அவ்வளவு துணிதானே கிடைக்கிறது என்று அவர் எடுத்த முடிவு அது. அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. ஒதுங்க இடம் தேடும்போது உள்ளே போய்ப் பாருங்கள், நல்ல மெல்லிய துண்டு ஒன்று வாங்கி வாருங்கள். மழைக்காலத்தில் தலை துவட்ட அதற்கு ஈடு இல்லை.

மதுரையிலிருந்து கொடைக்கானல் போகலாம் என்று இருக்கிறோம். அதே உடை போதுமா?

போதாது. மேலே சொன்னது எல்லாம் அங்கே தலைகீழ். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது வேர்க்கும், இறங்கும்போது பல் கிட்டும். இதே வடகிழக்குப் பருவமழை அங்கேயும் பெய்யும், ராத்திரி பத்து டிகிரி வரை இறங்கும்.

அதற்காகத் தனியாக ஒரு பெரிய ஜெர்கின் வாங்க வேண்டாம். மதுரைக்கு என்று எடுத்த மெல்லிய ஜெர்கினையே ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் பனியன், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் இந்த ஜெர்கின். மழையையும் காற்றையும் ஜெர்கின் தடுக்கும், சூட்டை ஸ்வெட்டர் பிடித்து வைக்கும். ஸ்வெட்டரை மட்டும் போட்டு மழையில் நிற்காதீர்கள். காதை மூட ஒரு குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அழகர்கோயில், சமணர் மலை போவதற்கு ஏதாவது?

அழகர்கோயிலில் குரங்குகள் உண்டு. கையில் கவர் தொங்கினால் உள்ளே தின்பதற்கு ஏதோ இருக்கிறது என்று பிடுங்கிவிடும். நனைந்த கோட்டைப் பாலிதீன் கவரில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகாமல், முதுகுப் பைக்குள் வையுங்கள். என் நாத்தனார் கையிலிருந்து ஒன்று அப்படித்தான் கோட்டோடு கவரை இழுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. கோட்டை விரித்துப் பார்த்து, மோந்து, கிழித்து, மேலிருந்தே போட்டது.

கீழக்குயில்குடி சமணர் மலையில் மழை வந்தால் பாறை எண்ணெய் பூசினது மாதிரி வழுக்கும். இடி சத்தம் கேட்டால் உடனே இறங்கிவிடுங்கள். வெட்டவெளிப் பாறையில் குடையை விரித்துக்கொண்டு நிற்கக் கூடாது, மரத்தடியிலும் ஒதுங்கக் கூடாது. மின்னலுக்கு எந்தக் கோட்டும் காவல் இல்லை.

செருப்பா, ஷூவா?

பின்னால் பட்டை வைத்த ரப்பர் சாண்டல். ஹவாய் செருப்பு நடக்க நடக்க முதுகு வரை சேறு அடிக்கும். ஷூ நனைந்தால் காயாது, கோயிலுக்குக் கோயில் கழற்றி மாட்டவும் முடியாது.

கோட்டு கொண்டு வர மறந்துவிட்டேன். மதுரையில் எங்கே வாங்கலாம்?

டவுன்ஹால் ரோட்டிலும் விளக்குத்தூணைச் சுற்றியும் கிடைக்கும். மழைக்காலம் ஆரம்பித்தால் சாலையோரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டும் விற்பார்கள். சில நூறு ரூபாய்க்கு அப்போதைக்குத் தப்பிக்க ஒன்று வாங்கலாம், ஆனால் அங்கேயும் தையலைத் திருப்பிப் பாருங்கள். வானம் கருக்கும் முன்பே வாங்கிவிடுங்கள், முதல் சொட்டு விழுந்த பிறகு பேரம் பேச முடியாது.

நல்ல கோட்டு ஒன்று ஏற்கனவே இருந்து, நீளமோ கையோ சரியில்லை என்றால் தையல்காரரிடம் கொடுக்க நினைப்பீர்கள். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சட்டை, பாவாடை எதையும் உட்கார்ந்த இடத்திலேயே பிடித்துத் தருவார்கள். ரெயின்கோட்டை மட்டும் கொடுக்காதீர்கள். ஊசி போன இடமெல்லாம் கசியும். கைநுனியை உள்ளே மடித்து டிச் பட்டன் வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நனைந்த கோட்டை லாட்ஜ் அறையில் எப்படிக் காயவைப்பது?

வந்த உடனே குளியலறையில் ஹேங்கரில் மாட்டி முதலில் தண்ணீரை வடிய விடுங்கள். கால் மணி நேரம் கழித்து உள்பக்கத்தை வெளியே திருப்பி, மின்விசிறிக்கு நேராக மாட்டுங்கள். வேர்வை இருப்பது உள்ளேதான், வாடை வருவதும் அங்கிருந்துதான். பை ஜிப்புகளைத் திறந்து வையுங்கள். ஏசி அறையானால் இன்னும் சீக்கிரம் காயும், ஏசி காற்றின் ஈரத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

வெயில் வந்ததே என்று மொட்டை மாடிக் கொடியில் நாள் முழுக்கப் போட வேண்டாம், பூச்சு வெடித்து உதிரும். துவைப்பதானால் சாதாரண சோப்புத் தூள் கொஞ்சம் போதும். துணி மிருதுவாவதற்கு ஊற்றுகிற திரவம் கூடாது, தண்ணீர் உருண்டோடும் தன்மை போய்விடும். அந்தத் தன்மை குறைந்துபோன நைலான் கோட்டை, லேபிளில் இஸ்திரி போடலாம் என்று இருந்தால் மட்டும், மேலே ஒரு துணி விரித்து மிதமான சூட்டில் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் திரும்பி வரும். பி.வி.சி. கோட்டில் இஸ்திரிப் பெட்டியே படக் கூடாது.

எவ்வளவு நல்ல கோட்டு இருந்தாலும் வெளியே போகக் கூடாத நாள் உண்டா?

உண்டு. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 69 அடியைத் தொட்டால் மூன்றாவது வெள்ள எச்சரிக்கை கொடுப்பார்கள். அணையைத் திறந்தால் யானைக்கல் பக்கம் வைகையைக் கடக்கும் தாழ்வான கல்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும், பாதையை அடைத்துவிடுவார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், போட்டோ எடுக்க ஓரத்துக்குப் போகாதீர்கள். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகிற பாதைகளில் தேங்கிய தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது, முன்னால் போன வண்டி போய்விட்டதே என்று இறக்காதீர்கள்.

அப்படிப்பட்ட நாளில் கோட்டைக் கொடியிலேயே விட்டுவிட்டு, பக்கத்துத் தெருமுனை வரை மட்டும் குடையோடு போய் வாருங்கள். சாயங்காலமானால் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வந்திருக்கும். சுக்கும் கருப்பட்டியும் போட்டுச் சுடச்சுட ஒரு டம்ளர் தருவார்கள். வண்டிக்காரர் கட்டியிருக்கும் தார்ப்பாய்க்கு அடியில் நாலு பேர் நிற்க இடம் இருக்கும்.